பேரேடு இடம் மாறிய கதை

கணக்கும் கணினியும் – தொடர் 17

சென்ற அத்தியாயத்தில் சேல்ஸ்ஃபோர்ஸ் பிறந்த கதையைப் பார்த்தோம். 1999-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தொடங்கிய அந்த நிறுவனம், ‘மென்பொருளை விலைக்கு வாங்கி உங்கள் கணினியில் ஏற்ற வேண்டாம், மாதக் கட்டணம் கட்டுங்கள், எங்கள் கணினியில் வந்து பயன்படுத்துங்கள்’ என்றது. விற்பனைப் பிரிவுகள் அதற்கு இசைந்தன. எந்த வாடிக்கையாளரிடம் யார் பேசினார், அடுத்து எப்போது பேச வேண்டும் என்ற குறிப்புகள் வெளியில் இருப்பதில் அவர்களுக்குப் பெரிய பயம் இருக்கவில்லை.

பேரேடு அப்படியல்ல. ஒரு தொழிற்சாலையின் கொள்முதல், சரக்கிருப்பு, உற்பத்தி, சம்பளம், வரி எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அது. அது ஒரு நாள் நின்றால் லாரி கிளம்பாது. அதில் ஒரு பதிவு தப்பினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். அந்தப் பேரேட்டைக் கிளவுடுக்குக் கொண்டுபோக, வணிக மேலாண்மை மென்பொருளில் உலகப் பெரும் புள்ளியான ஜெர்மனியின் எஸ்ஏபி பட்ட பாடுதான் இந்த அத்தியாயம்.

தொழில்நுட்பம் முதிர நாளாயிற்று, அதனால்தான் இந்தத் தாமதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது பாதிக் காரணம்தான் என்று தெரிகிறது. கணினியை மாற்றுவது பணத்தாலும் உழைப்பாலும் முடிகிற காரியம். ஒரு நிறுவனம் இத்தனை வருடம் செய்துவந்தவற்றில் எது தொழிலுக்கு உயிர், எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் எல்லோரையும் திணறவைத்தது. அந்தத் திணறலின் வேர் 1972-லேயே இருக்கிறது.

சொந்தக் கணினி இல்லாத நிறுவனம்

டீட்மார் ஹோப், ஹாஸோ பிளாட்னர், கிளாவுஸ் சீரா, ஹான்ஸ்-வெர்னர் ஹெக்டர், கிளாவுஸ் வெல்லன்ராய்தர். ஐபிஎம்மில் வேலை பார்த்த இந்த ஐந்து பேரும் 1972 ஏப்ரல் 1 அன்று தனி நிறுவனமாக எஸ்ஏபியைத் தொடங்கினார்கள். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் ஓஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் நடத்திவந்த நைலான் ஆலை அவர்களுடைய முதல் வாடிக்கையாளர். கையில் யோசனை இருந்தது, கணினி இல்லை. அந்தக் காலத்து மெயின்ஃபிரேம் புதிதாகத் தொழில் தொடங்கும் ஐந்து பேர் வாங்கக்கூடிய பொருளே அல்ல. ஆகவே ஆலையின் கணினி அறையில் போய் உட்கார்ந்து நிரல் எழுதினார்கள்.

அதுவரை கணக்குப் பதிவுகள் துளையட்டைகளில் ஏறிக்கொண்டிருந்தன. அட்டைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து மொத்தமாகக் கணினிக்குக் கொடுப்பார்கள். முடிவு பிறகு தாளில் அச்சாகி வரும். ஓர் எண் தவறியிருந்தால் அட்டையைத் திருத்தி மறுபடி முதலிலிருந்து. இந்த ஐவரோ, கணக்கர் திரையில் தட்டிய கணமே பதிவு சரிபார்க்கப்பட்டு ஏற வேண்டும் என்றார்கள். ஆர்/1, ஆர்/2, ஆர்/3 என்ற அவர்களுடைய பொருள்களின் பெயர்களில் வரும் ‘ஆர்’, ‘ரியல் டைம்’ என்ற இந்த உடனடித் தன்மையைத்தான் குறிக்கிறது.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். ஐசிஐக்கு எழுதியதையே பொதுவாக்கி மற்ற ஆலைகளுக்கும் விற்பது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று தனியாக நிரல் எழுதிக்கொண்ட காலத்தில் அது துணிச்சல்தான். ஆனால் வரவு-செலவுக் கணக்கின் விதிகள் நைலான் ஆலைக்கும் மருந்துக் கம்பெனிக்கும் ஒன்றுதானே என்று அவர்கள் நினைத்தார்கள். முதல் ஆண்டின் முடிவில் ஒன்பது ஊழியர்கள், 6,20,000 மார்க் வருமானம். தமக்கென்று ஒரு கணினி, சீமன்ஸ் 7738, வந்தது 1979-ல்தான். அதுவரை ஏழு வருடம் வாடிக்கையாளர்களின் கணினி அறைகளே அவர்களுடைய பட்டறை.

எழுதுபவர் ஒருவர், இயந்திரம் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு இப்படித்தான் நிலைபெற்றது. பேரேடு வாடிக்கையாளரின் கூரைக்குக் கீழே, அவருடைய பூட்டுக்குள் இருந்தது. அதில் எஸ்ஏபிக்கு எந்தச் சங்கடமும் இல்லை. லைசென்ஸுக்கு ஒரு தொகை, பிறகு வருடா வருடம் மெயின்டனன்ஸ் கட்டணம். மின்சாரம், குளிர்சாதனம், சர்வர், இரவுக் காவல் எல்லாம் வாடிக்கையாளர் பொறுப்பு.

இசட் புரோகிராம்கள்

1992-ல் ஆர்/3 வந்தது. பயனரின் திரை, நிரல் ஓடும் சர்வர், தரவு இருக்கும் டேட்டாபேஸ் என்று மூன்று அடுக்கு. மெயின்ஃபிரேம் இல்லாமல் யூனிக்ஸ் சர்வர்களில் ஓடும் என்பதால், அதுவரை எட்டிப் பார்க்க முடியாத நிறுவனங்களும் வாங்கின. 2000-ம் ஆண்டுச் சிக்கல் பற்றிய பயம் விற்பனையை இன்னும் தள்ளிவிட்டது. பழைய நிரல்களைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட மொத்தமாக ஆர்/3-க்கு மாறிவிடலாம் என்று பெரிய நிறுவனங்கள் முடிவெடுத்தன. 2004-ல் அதன் வாரிசாக ஈசிசி வந்தது.

ஆர்/3 பரவியதற்கு இன்னொரு பெரிய காரணம் அதன் நெகிழ்வு. அதன் மொழியான அபாப்பில் எழுதிய மூல நிரலை வாடிக்கையாளர் திறந்து படிக்கலாம். தனக்கு வேண்டியதைப் பக்கத்தில் எழுதிச் சேர்க்கலாம். எஸ்ஏபியின் நிரலோடு மோதாமல் இருக்க, வாடிக்கையாளர் எழுதுவதெல்லாம் ‘இசட்’ அல்லது ‘ஒய்’ என்ற எழுத்தில் தொடங்க வேண்டும் என்று விதி. இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் ‘அது இசட் புரோகிராம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்.

பம்ப் செய்யும் ஒரு ஜெர்மானியத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். விற்பனை மேலாளர் பழைய டீலர்களுக்கு மட்டும் ஒரு தனிக் கழிவு தருகிறார். எஸ்ஏபியில் கழிவு கொடுக்க வழி உண்டு, ஆனால் அவர் தரும் விதத்தில் இல்லை. கன்சல்டன்ட் ஓர் இசட் புரோகிராம் எழுதித் தருகிறார். அடுத்த மாதம் கிடங்குக்காரர் தமக்குப் பழகிய தாளின் அமைப்பிலேயே டெலிவரி சீட்டு வேண்டும் என்கிறார். இன்னொரு இசட். கணக்குப் பிரிவுத் தலைவருக்கு மாத அறிக்கையில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். அதற்கும் ஓர் இசட். பதினைந்து வருடத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். கேட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். நிரல் மட்டும் தினமும் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் அதைத் தொட மாட்டார்கள், தொட்டால் எது உடையும் என்று யாருக்கும் தெரியாது.

இதன் விலை அப்கிரேட் நேரத்தில் தெரியும். எஸ்ஏபி புதிய பதிப்பு கொடுத்தால், அத்தனை இசட் நிரல்களும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதனால் நிறுவனங்கள் அப்கிரேடைத் தள்ளிப்போட்டன. கட்டணம் மட்டும் நிற்கவில்லை. 2008-ல் எஸ்ஏபி மெயின்டனன்ஸ் கட்டணத்தை லைசென்ஸ் விலையில் 17 சதவீதத்திலிருந்து படிப்படியாக 22 சதவீதத்துக்கு உயர்த்தப்போவதாக அறிவித்தபோது வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 2010 தொடக்கத்தில் நிறுவனம் இறங்கிவந்து பழைய வகைத் திட்டத்தையும் தெரிவாகக் கொடுத்தது. அடுத்த சில வாரங்களில் தலைமைச் செயல் அதிகாரி லியோ அப்போதேக்கர் பதவி விலகினார். கிளவுடுக்கு அழைப்பதற்கு முன்பே வாடிக்கையாளர்களின் நம்பிக்கையில் விழுந்த கீறல் அது.

அறிக்கை ஏன் மறுநாள் வந்தது?

இப்போது பகுப்பாய்வின் பக்கம் வருவோம். பதிவு உடனுக்குடன் ஏற வேண்டும் என்று தொடங்கிய நிறுவனத்தில், அறிக்கை மட்டும் உடனுக்குடன் வரவில்லை. ஏன்?

ஓர் இன்வாய்ஸைப் பதிவு செய்வது சின்ன வேலை. ஒரு சில வரிகளை எழுதினால் முடிந்தது. ‘கடந்த மூன்று வருடத்தில் தென் ஜெர்மனியில் எந்தப் பம்ப் எவ்வளவு லாபம் தந்தது?’ என்ற கேள்விக்குக் கோடிக்கணக்கான வரிகளைப் படிக்க வேண்டும். இரண்டையும் ஒரே டேட்டாபேஸில் செய்தால் பெரிய கேள்வி ஓடும்போது சின்னப் பதிவுகள் காத்துக்கிடக்கும். கிடங்கு வாசலில் லாரி நிற்கும். எனவே 1998-ல் எஸ்ஏபி, பிஸினஸ் வேர்ஹவுஸ் என்ற தனிக் கிடங்கைக் கொண்டுவந்தது. பகலில் ஆர்/3-ல், பின்னாளில் ஈசிசியில், பதிவுகள். இரவில் அவற்றின் நகல் வேர்ஹவுஸுக்குப் போகும். காலையில் மேலாளர் பார்ப்பது நேற்றைய நிலவரம். இரவு ஓட்டம் தடைபட்டால் முந்தாநாள் நிலவரம்.

கிளவுடுக்கு முதலில் போனது இந்த நகல்தான். 2012 நவம்பரில் அமேசான் தன் ரெட்ஷிஃப்ட் சேவையை அறிவித்தது. ஒரு டெராபைட்டுக்கு வருடத்துக்கு 1,000 டாலருக்கும் குறைவாக முடியும் என்றது. அதே வருடம் ஸ்னோஃப்ளேக் நிறுவனம் பிறந்தது. தரவைச் சேமிக்கும் இடத்தையும் கணக்கிடும் சக்தியையும் தனித்தனியாகப் பிரித்து, கேள்வி கேட்கும் நேரத்துக்கு மட்டும் காசு வாங்குவது அதன் வழி. நகல் வெளியே போவதில் ஆபத்து குறைவு. கிடங்கு ஒரு நாள் நின்றாலும் தொழிற்சாலை நிற்காது.

ஆனால் நகலில் ஒரு கண்ணி உண்டு. ஈசிசியில் கணக்குப் பதிவின் ஒவ்வொரு வரியும் பிஎஸ்ஈஜி என்ற அட்டவணையில் இருக்கும். அதில் தொகை எப்போதும் கூட்டல் குறியோடுதான் எழுதப்படும். பற்றா வரவா என்பதைப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஓர் எழுத்து சொல்லும். எஸ் என்றால் பற்று, ஹெச் என்றால் வரவு. எஸ்ஏபியின் திரையில் பார்ப்பவருக்கு இது தெரிய வேண்டியதே இல்லை, நிரல் பார்த்துக்கொள்ளும். அட்டவணையை அப்படியே கிளவுடுக்கு எடுத்துப்போன புதிய ஆய்வாளர் தொகைப் பத்தியை மட்டும் கூட்டினால், பற்றும் வரவும் சேர்ந்து பொருளே இல்லாத ஒரு மொத்தம் கிடைக்கும். எண்கள் ஊர் மாறின, அவற்றின் அர்த்தம் பழைய நிரலுக்குள்ளேயே தங்கிவிட்டது. பகுப்பாய்வைத் தனியாக நகர்த்திய பல நிறுவனங்கள் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றன.

இதற்கு மாற்று வழி போட்ஸ்டாமில் உருவானது. பிளாட்னர் தன் பணத்தில் 1998-ல் அங்கே ஹாஸோ பிளாட்னர் நிலையம் என்ற உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே தன் ஆய்வு மாணவர்களுடன் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். நினைவகத்தின் விலை இவ்வளவு இறங்கிவிட்ட பிறகு, முழுப் பேரேட்டையும் வட்டில் வைக்காமல் நினைவகத்திலேயே வைத்தால் என்ன? வரிவரியாக எழுதாமல் பத்திபத்தியாக அடுக்கினால் என்ன? தொகைப் பத்தியைக் கூட்ட வேண்டுமென்றால் அந்தப் பத்தியை மட்டும் படித்தால் போதும். மான்ஹைம் என்ற ஊர்ப் பெயர் பத்து லட்சம் முறை வந்தாலும் ஒரே முறை எழுதி, மற்ற இடங்களில் ஒரு சிறு எண்ணை வைத்தால் போதும். 2009-ல் இந்தக் கருத்தை அவர் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தார். தொழில்நுட்பத் தலைவர் விஷால் சிக்காவின் பொறுப்பில் எஸ்ஏபி அதைப் பொருளாக்கியது. 2010 கடைசியில் ஹானா என்ற பெயரில் அது வெளிவந்தது.

பதிவும் பகுப்பாய்வும் ஒரே இடத்தில் சேரலாம் என்று இதனால் ஆனது. அதுவரை மாதாமாதம் கூட்டுத்தொகைகளைத் தனி அட்டவணைகளில் எழுதிவைத்திருந்தார்கள், ஒவ்வொரு முறையும் கூட்ட நேரம் இல்லை என்பதால். இனி அவை வேண்டாம், கேட்கும்போது கூட்டினால் போதும். பின்னால் வந்த எஸ்/4ஹானாவில் நிதிக் கணக்கும் செலவுக் கணக்கும் ஏசிடிஓசிஏ என்ற ஒரே பொதுக் குறிப்பேட்டில் சேர்ந்தன. மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று உட்கார்ந்து சரிபார்த்த கணக்கர்களுக்கு, அந்தச் சரிபார்ப்பே தேவையற்றுப்போனது. என் மதிப்பீட்டில், 1972-ன் திரைக்குப் பிறகு எஸ்ஏபி செய்த மிகப் பெரிய காரியம் இதுதான்.

தோற்ற முயற்சி, வாங்கிய நிறுவனங்கள்

கிளவுடில் எஸ்ஏபியின் முதல் பெரிய முயற்சி அதற்கும் முந்தையது. 2007 செப்டம்பரில் நியூயார்க்கில் பிஸினஸ் பைடிசைன் அறிமுகமானது. நடுத்தர நிறுவனங்களுக்கான முழு மேலாண்மை மென்பொருள், இணையத்தில், மாதக் கட்டணத்தில். 2010-க்குள் 10,000 வாடிக்கையாளர்கள், 100 கோடி டாலர் வருமானம் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு எட்டாக்கனியாகவே நின்றுவிட்டது.

ஒரு காரணம் கட்டமைப்பு. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரே நிரல், ஒரே கட்டமைப்பு. அதில் பல நிறுவனங்களின் தரவு, ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாதபடி பிரிந்திருக்கும். ஒரு தவறைத் திருத்தினால் எல்லோருக்கும் திருந்திவிடும். பைடிசைனின் முதல் பதிப்பிலோ ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி அமைப்பை ஓட்ட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் கூடக்கூடச் செலவும் கூடியது. ஆகவே விற்பனையை நிறுவனமே அடக்கிவாசித்தது. 2010-ல் பலரும் பகிரும் வடிவத்துக்கு மாற்றி மறுபடி கொண்டுவந்தார்கள். அதற்குள் சந்தை நகர்ந்திருந்தது.

பிறகு எஸ்ஏபி கிளவுடில் ஏற்கெனவே இருந்தவர்களை வாங்க ஆரம்பித்தது. 2011 டிசம்பரில் மனிதவளத்துக்கான சக்ஸஸ்ஃபேக்டர்ஸ், 340 கோடி டாலர். 2012-ல் கொள்முதலுக்கான அரீபா, 430 கோடி. 2014-ல் பயணச் செலவுக்கான கான்கர், 830 கோடி. பேரேட்டைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றாகக் கிளவுடுக்குப் போயின. நடுவில் இருந்த பேரேடு மட்டும் வாடிக்கையாளரின் கட்டடத்திலேயே இருந்தது.

2015 பிப்ரவரி 3 அன்று நியூயார்க் பங்குச் சந்தைக் கட்டடத்தில் எஸ்/4ஹானா அறிவிக்கப்பட்டது. ஹானாவில் மட்டுமே ஓடும் புதிய பேரேடு. கிளவுடிலும் வைக்கலாம், சொந்த சர்வரிலும் வைக்கலாம். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அவசரம் காட்டவில்லை. பழைய ஈசிசி நன்றாகத்தானே ஓடுகிறது?

ஒரு திங்கட்கிழமை

அவசரம் எஸ்ஏபி பக்கத்திலிருந்து வந்தது. கிறிஸ்டியான் க்ளைன் 1999-ல் மாணவராக இந்த நிறுவனத்துக்குள் வந்தவர். 2020 ஏப்ரலில் அதன் ஒரே தலைமைச் செயல் அதிகாரியானார். அதே ஆண்டு அக்டோபர் 26, திங்கட்கிழமை, எஸ்ஏபி இனி கிளவுடுக்கு வேகமாக மாறும் என்றும், அதனால் முன்பு சொன்ன லாப இலக்குகளைக் கைவிடுவதாகவும் அறிவித்தார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது.

முதலீட்டாளர்கள் பதறியதற்கு எளிய கணக்கு உண்டு. லைசென்ஸ் விற்றால் முழுத் தொகையும் அந்த வருடமே கணக்கில் வரும். சந்தா என்றால் வருடக்கணக்கில் சிறுகச்சிறுக வரும், செலவோ இன்றே ஆகும், ஏனென்றால் சர்வரும் மின்சாரமும் காவலும் இப்போது விற்பவர் தலையில். இடையில் சில வருடம் லாபம் இளைத்தே ஆக வேண்டும். க்ளைன் அந்த இளைப்பை ஏற்றுக்கொண்டார். 2021 ஜனவரியில் ‘ரைஸ் வித் எஸ்ஏபி’ என்ற ஒப்பந்தம் வந்தது. மென்பொருள், அதை ஓட்டும் கட்டமைப்பு, பராமரிப்பு எல்லாம் ஒரே சந்தாவில். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியோரின் டேட்டா சென்டரிலோ எஸ்ஏபியின் சொந்த இடத்திலோ ஓடும். 2025 மார்ச்சில் எஸ்ஏபி, ஐரோப்பாவின் மிக அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனம் என்ற இடத்தையே தொட்டது. விற்பவரின் பக்கம் கணக்கு நேரானது.

வாங்குபவரின் பக்கம்?

கோ-லைவ்

ஈசிசியிலிருந்து எஸ்/4ஹானாவுக்குப் போக மூன்று வழிகள் உண்டு. இருக்கும் அமைப்பை அப்படியே மாற்றி எடுத்துப்போவது ‘பிரவுன்ஃபீல்ட்’. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக அமைப்பது ‘கிரீன்ஃபீல்ட்’. தேவையானதை மட்டும் பொறுக்கி எடுத்துப்போவது மூன்றாவது. முதல் வழியில் பழைய இசட் நிரல்கள் கூடவே வரும். இரண்டாவதில் பழைய வேலைமுறைகளே விடைபெறும்.

நம் பம்ப் தொழிற்சாலைக்குத் திரும்புவோம். முதல் வேலை தரவைச் சுத்தம் செய்வது. ஒரே சப்ளையர் மூன்று எண்களில் இருப்பார்: ஒரு முறை பெயரின் எழுத்து மாறியதால், ஒரு முறை முகவரி மாறியதால், ஒரு முறை அவசரத்தில் யாரோ புதிதாகத் திறந்ததால். புதிய அமைப்பில் வாடிக்கையாளர், சப்ளையர் என்ற தனித்தனி ஏடுகள் கிடையாது, எல்லோரும் ‘பிஸினஸ் பார்ட்னர்’. யார் யார் ஒரே ஆள் என்று உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். அதை எந்தக் கருவியும் முழுசாகச் செய்துவிடாது. கொள்முதல் பிரிவில் இருபது வருடம் இருந்தவருக்குத்தான் அது தெரியும்.

அடுத்து இசட் பட்டியல். கடந்த ஒரு வருடத்தில் எந்த நிரல் எத்தனை முறை ஓடியது என்று பார்ப்பார்கள். ஒருமுறைகூட ஓடாதவை கணிசமாக இருக்கும், அவற்றைக் கழிப்பது எளிது. மற்றவற்றுக்கு உரியவரைக் கூப்பிட்டு ‘இது ஏன்?’ என்று கேட்பார்கள். ‘எப்போதும் இப்படித்தான் செய்வோம்’ என்று பதில் வந்தால் அங்கேதான் மல்லுக்கட்டு. ஏனென்றால் சில சமயம் அது வெறும் பழக்கம். சில சமயம் அந்த வினோதமான கழிவு முறைதான், பக்கத்து ஊர்ப் போட்டியாளரிடம் டீலர் போகாமல் இருப்பதற்கே காரணம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

பிறகு ஒத்திகைகள். கடைசியில் ஒரு நீண்ட வார இறுதி. வெள்ளி மாலை பழைய அமைப்பில் பதிவுகள் நிறுத்தப்படும். இரவெல்லாம் தரவு ஏறும். பழைய இருப்பாய்வும் புதிய இருப்பாய்வும் கடைசிச் சென்ட் வரை ஒத்துப்போக வேண்டும். கிடங்கின் சரக்கு எண்ணிக்கை, நிலுவையில் உள்ள ஆர்டர்கள், செலுத்தப்படாத இன்வாய்ஸ்கள் எல்லாம் ஒப்பிடப்படும். ஞாயிறு பிற்பகலில் ஒரு கூட்டம்: போவதா, பழையதற்கே திரும்புவதா? திங்கள் காலை முதல் டெலிவரி சீட்டு அச்சாகி லாரி கிளம்பும்வரை யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஜெர்மனியிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இப்படி வார இறுதிகளைக் கொடுத்தவர்களின் உழைப்பை விற்பனை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஒரு வரலாற்றுத் தொடர் சொல்லத்தான் வேண்டும்.

பழக்கத்தை விட மறுத்தால் என்ன ஆகும்? பல்பொருள் அங்காடிகள் நடத்தும் லிடில், 2011-ல் எஸ்ஏபி அடிப்படையிலான புதிய சரக்கு மேலாண்மை அமைப்புக்குத் திட்டமிட்டது. ஏழு வருடம் கழித்து, 2018 கோடையில், அதைக் கைவிட்டது. சுமார் 50 கோடி யூரோ செலவாகியிருந்தது என்று ஜெர்மானியப் பத்திரிகைகள் எழுதின. லிடில் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டது, எஸ்ஏபியின் சில்லறை வணிக மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடுவதை இயல்பாகக் கொண்டிருந்தது; லிடில் தன் முறையை மாற்றாமல் மென்பொருளை வளைக்கச் சொன்னது சிக்கலுக்கு ஒரு முக்கியக் காரணம் என்றும் அவை எழுதின. அது கிளவுட் திட்டம் அல்ல. ஆனால் கிளவுடுக்குப் போகிற ஒவ்வொரு நிறுவனமும் அந்த இடத்தில் வந்து நிற்கத்தான் வேண்டும். பலரும் பகிரும் பொதுக் கிளவுட் பதிப்பில் மையத்தை வளைக்க இடமே கிடையாது. நீட்டிப்புகளை வெளியே தனியாகத்தான் எழுத வேண்டும்.

2027

பழைய ஈசிசிக்கான வழக்கமான பராமரிப்பை 2025-ல் முடிப்பதாக எஸ்ஏபி முன்பு சொல்லியிருந்தது. 2020 பிப்ரவரியில் அதை 2027 கடைசி வரை நீட்டியது. கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை. 2023 ஜூலையில் இன்னொரு அறிவிப்பு: செயற்கை நுண்ணறிவு முதலிய புதிய வசதிகள் இனி கிளவுட் ஒப்பந்தத்தில் உள்ளவர்களுக்கு மட்டும். ஜெர்மன் மொழிப் பகுதிப் பயனர்களின் சங்கமான டிஎஸ்ஏஜி வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. பெரும் செலவில் எஸ்/4ஹானாவுக்கு மாறி, அதைத் தம் சொந்த சர்வரில் வைத்திருந்த நிறுவனங்கள் அந்தச் சங்கத்தில் இருந்தன. எஸ்ஏபி சொன்னதைக் கேட்டு மாறியவர்களே பின்தங்கிப்போவதா என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வி நியாயமானது என்று நான் நினைக்கிறேன். பகிர்ந்த அமைப்பில் எல்லோரும் ஒரே பதிப்பில் இருப்பதன் நன்மை பெரிது. பாதுகாப்புத் திருத்தம் உடனே வந்து சேர்கிறது. இரவு நகல் எடுக்காமலே இன்றைய லாபம் இன்றே தெரிகிறது. சிறிய ஆலைக்கும் பெரிய ஆலைக்கும் ஒரே கருவி. இத்தனையும் உண்மை. ஆனால் எந்தப் பழக்கத்தை விடுவது, எதைக் காப்பாற்றுவது என்ற தீர்மானத்துக்குக் காலக்கெடுவைக் காட்டி வேகம் கூட்ட முடியாது. அதைப் பட்டறையிலும் கிடங்கிலும் கணக்கறையிலும் இருப்பவர்கள் சேர்ந்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். கெடுவுக்குப் பயந்து பழைய இசட் நிரல்களை மூட்டையாகக் கட்டிக் கிளவுடில் இறக்கிவைத்த நிறுவனம் வாடகை இடம்தான் மாறியிருக்கிறது. உட்கார்ந்து பேசிப் பிரித்தெடுத்த நிறுவனம், சர்வர் எங்கே இருந்தாலும், தன் தொழிலைப் புதிதாகத் தெரிந்துகொண்டிருக்கிறது. ஓஸ்ட்ரிங்கன் ஆலையின் கணக்கர்களோடு உட்கார்ந்து அவர்கள் வேலையைப் புரிந்துகொண்டு எழுதியதால்தான் அந்த ஐவரின் நிரல் நிலைத்தது. அந்தப் பொறுமையை விற்பவரும் வாங்குபவரும் மறுபடி பழக வேண்டியிருக்கிறது.

இதுவரை பார்த்தது, கழிக்க நிறையப் பழையது வைத்திருந்த பெரிய நிறுவனங்களின் கதை. சர்வர் அறை, இசட் நிரல், மெயின்டனன்ஸ் ஒப்பந்தம் எதுவுமே இல்லாமல் நேராகக் கிளவுடில் கணக்கு எழுதத் தொடங்கிய சிறு தொழில்களின் கதை வேறு. அதில் ஒரு பெரிய பங்கு நம் ஊரில் எழுதப்பட்டது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2005-ல் ஸோஹோ என்ற பெயரில் இணையச் சேவைகளை வெளியிட்டு, பிறகு தென்காசி வரை போன அந்த நிறுவனத்தை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)